வகுப்பறைச் சுவரில் ஒரு பத்திரிகை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மலையக இலக்கியம் பற்றிய கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "அடுத்த தலைமுறை எங்கே?" என்பதே அது. கேட்பவர்கள் பெரும்பாலும் மூத்த எழுத்தாளர்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நூல் வெளியீட்டு மண்டபத்தில் அமர்ந்துகொண்டு அதற்கு விடை காண முடியாது என்பது என் எண்ணம். தரம் ஏழிலோ எட்டிலோ தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருக்கும் வகுப்பறை ஒன்றின் பின் வாங்கில் ஒரு பாடவேளை உட்கார்ந்திருந்தால் விடை கிடைத்துவிடும்.

மாத்தளை மாவட்டத்தில், தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்த மலைகளில் நிற்கும் ஒரு பகுதியில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தோட்ட லயங்களிலிருந்து வருபவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தரம் எட்டு மாணவர்களுக்கு 'எனது வீடு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். முப்பதுக்கு மேற்பட்ட கொப்பிகள் வந்தன. ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் முன்னால் ஒரு பூந்தோட்டம் இருந்தது. ரோசாவும் மல்லிகையும் பூத்துக் குலுங்கின. நான்கு அறைகள், விசாலமான வரவேற்பறை, காற்றோட்டமுள்ள சமையலறை, பின்புறம் மாமரம். லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஆறு பேரோடு படுத்தெழும்பும் பிள்ளையும் அந்த வீட்டில்தான் குடியிருந்தது.

பிள்ளைகள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் காலத்திலிருந்தே வழிகாட்டி நூல்களில் உள்ள கட்டுரைகளை மனனம் செய்கிறார்கள். 'நான் ஒரு பத்து ரூபா நாணயம்', 'நான் ஒரு பேசும் மரம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நாணயமாகவும் மரமாகவும் இருந்து எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தானாக இருந்து எழுதுவதற்கு மட்டும் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவதும் சரியல்ல. பரீட்சையில் சித்தியடைவது தோட்டத்துப் பிள்ளைக்குச் சிறிய விடயமன்று. மனனம் செய்தாவது புள்ளி எடுக்கட்டும் என்று ஒரு தாய் நினைத்தால் அவரோடு வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொப்பியில் எழுதப்படும் கட்டுரையை உலகத்தில் ஒரேயொருவர்தான் பார்க்கிறார். அவரும் வாசிப்பதற்காகப் பார்ப்பதில்லை. சிவப்புப் பேனையோடு பிழை தேடுவதற்காகப் பார்க்கிறார். அப்படிப்பட்ட ஒருவருக்கு எவரும் உள்ளதை உள்ளபடி எழுதமாட்டார்கள். நானும் எழுதமாட்டேன், நீங்களும் எழுதமாட்டீர்கள்.

எங்கள் மாத்தளையையே எடுத்துக்கொள்வோம். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரும் சேர்ந்து 1980ஆம் ஆண்டு 'தோட்டக்காட்டினிலே' என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார்கள். மலரன்பனின் 'கோடிச்சேலை' 1989இல் வெளிவந்து சாகித்தியப் பரிசும் பெற்றது. இவர்கள் எழுத வந்த காலத்துப் பாடசாலைகள் இன்றைய பாடசாலைகளைவிட மேலானவையா? இல்லவே இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன்னர் பல தோட்டங்களில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு என்பதே நிலைமை. இருந்தும் ஒரு தலைமுறை எழுத வந்தது.

அதற்குப் பல காரணங்கள் உண்டு. நான் முதன்மையாகக் கருதுவது, அந்தத் தலைமுறைக்கு வாசகர்கள் வாய்த்தார்கள் என்பதை. எஸ்.எம். கார்மேகம் அவர்கள் வீரகேசரியில் தோட்டப் பகுதிகளுக்கென ஒரு பக்கத்தைக் கவனித்து வந்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் 1960களில் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்ற தொகுதியாக வந்தன. தோட்டத்தில் இருந்து எழுதி அனுப்பினால் அச்சில் வரும், அதைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வாசிப்பார், வாசித்துவிட்டு ஏதாவது சொல்வார் என்ற நம்பிக்கையை அவை உண்டாக்கின. அந்த நம்பிக்கைதான் ஒரு இளைஞனைக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் விழித்திருக்கச் செய்தது.

அப்படியானால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் வாசகர் ஒருவரைத் தேடிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பத்திரிகைக்கு அனுப்பும் வயதல்ல அது. எனவே பத்திரிகையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தோம். பழைய கலண்டர்த் தாள்களைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, அவ்வளவுதான். சுவர்ப் பத்திரிகை என்பது நம் நாட்டில் புதியதல்ல. பல பாடசாலைகளில் இருந்திருக்கிறது, இருந்தும் வருகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் பொது அறிவுத் துணுக்குகளும், அறிஞர்களின் பொன்மொழிகளும், கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருடைய அழகான கையெழுத்துமே இடம்பெறும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி வேறு. உன் கண்ணால் கண்டதை எழுது. எட்டு வரிக்கு மேல் வேண்டாம். தாளின் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடு. அந்த ஓரத்தில், வாசித்தவர் எவரும் தம் பெயரைப் போட்டுப் பதில் எழுதலாம். அதற்கென்று ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். (அந்தப் பென்சில் மூன்று முறை காணாமற் போயிற்று. அதுவும் ஒரு நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன்.)

முதல் இரண்டு வாரம் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. பூந்தோட்டங்கள் கொப்பியிலிருந்து சுவருக்கு ஏறின, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒரு மாணவன், வகுப்பில் வாயே திறக்காதவன், ஐந்து வரி எழுதி ஒட்டியிருந்தான். அதை நான் குறித்து வைத்திருக்கிறேன். "எங்கள் அம்மா பால் வெட்டுகிறார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அம்மா வீட்டில் இருப்பார், ரொட்டி சுடுவார். ஆகையால் எனக்கு மழை பிடிக்கும். மாதக் கடைசியில் பேர் குறைந்துவிடும், ஆகையால் மழை பிடிக்காது."

தோட்டப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பேர் குறைந்தால் சம்பளம் குறையும்.

மறுநாள் காலை ஓரத்தில் பென்சிலால் ஒரு பதில் இருந்தது. அடுத்த வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. "எங்கள் அம்மா கொழுந்து. மழையிலும் போவார், படங்கு கட்டிக்கொண்டு. உன் அம்மாவுக்கு மழைக்கு லீவாவது இருக்கிறது." அதற்குக் கீழே முதல் மாணவன், "லீவு இல்லை, சம்பளமும் இல்லை" என்று எழுதினான். அதற்கும் கீழே வேறொருவர், "கொழுந்துக்கு அட்டைக்கடி இலவசம்" என்று எழுதிவிட்டுப் பெயர் போடாமல் போய்விட்டார்.

நேயர்களே, கட்டுரைப் பாடத்தில் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்க முயன்று முடியாமற்போன ஒன்று அந்த நான்கு விரல் ஓரத்தில் தானாக நடந்தது. ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளை உண்மையாகவே வாசித்தது. வாசித்ததால் அதற்குச் சொல்ல ஏதோ இருந்தது. அந்த வாரக் கடைசியில் சுவரில் பூந்தோட்டம் ஒன்றுகூட இருக்கவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் நடந்த சண்டை, பிள்ளைக்காம்பராவில் தம்பியை விட்டுவிட்டு வரும்போது அவன் அழுத அழுகை, பன்றி வந்து கிளறிய மரவள்ளிப் பாத்தி, தீபாவளிக்கு முற்பணம் கிடைக்குமா என்று காத்திருந்த இரவு, இவையெல்லாம் வந்தன.

எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரகர றகரமும், லகர ளகர ழகரமும் தத்தம் இஷ்டப்படி இடம் மாறியிருந்தன. சக ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மேற்பார்வைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் எங்கள் பாடசாலையைப் பற்றி என்ன நினைப்பார்கள், சேர்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எழுத்துப் பிழையைச் சுவரில் ஒட்டி வைத்தால் மற்றப் பிள்ளைகளும் அதையே படித்துக்கொள்ளும் என்ற அவருடைய அச்சமும் நியாயமானதே.

அதற்கொரு வழி செய்தோம். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் தாம் எழுதியதை இரண்டு நண்பர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டவேண்டும். விளங்காத இடத்தில் அவர்கள் நிறுத்தவேண்டும். பிறகு நான் பிழைகளைத் தனித் துண்டில் குறித்துக் கொடுப்பேன். தாளில் என் பேனை படாது. பிள்ளையே திருத்தி, தெளிவாகப் பிரதிசெய்து ஒட்டும். இதில் ஒரு வேடிக்கை. கொப்பியில் நான் பத்துத் தடவை சிவப்பால் சுழித்த அதே பிழையைக் கண்டுகொள்ளாத பிள்ளை, பக்கத்து வகுப்பு வாசிக்கப்போகிறது என்றவுடன் அகராதியைத் தேடி வந்தது.

ஆனால் எழுத்துப் பிழை வேறு, பேச்சுச் சொல் வேறு. இந்த வேறுபாட்டில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 'மளை' என்று எழுதினால் 'மழை' என்று திருத்தவேண்டும். 'காம்பரா' என்று எழுதினால் அதை 'அறை' என்று திருத்த எனக்கு உரிமையில்லை. காம்பராவும் அறையும் ஒன்றல்ல. காம்பராவில் அடுப்பு இருக்கும், படுக்கை இருக்கும், சில வேளை கோழிக்கூடும் இருக்கும். 'அறை' என்று மாற்றிய அடுத்த நிமிடமே அதற்கு முன்னால் பூந்தோட்டம் முளைத்துவிடும். பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், அரைப்பேர், ஒட்டுப்பால் என்பன தமிழ்ச் சொற்களா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இந்த மண்ணில் இரண்டு நூற்றாண்டு உழைத்த மக்களின் வாயில் புழங்கியவை தமிழ்ச் சொற்களல்லாமல் வேறென்ன? சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டந்தோட்டமாகத் திரிந்து பாடல்களைச் சேகரித்தபோது இந்தச் சொற்களையெல்லாம் நாகரிகப்படுத்திச் சேகரித்திருந்தால் இன்று நமக்கு அவற்றால் என்ன பயன்?

இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸ் தேசத்துக் கிராமத்து ஆசிரியர் ஒருவர் இதனைச் செய்திருக்கிறார். செலஸ்தின் ஃபிரெனே என்பது அவர் பெயர். 1896இல் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் நெஞ்சில் காயம்பட்டு, நுரையீரல் பழுதுபட்டுத் திரும்பியவர். நீண்ட நேரம் உரத்துப் பேசிப் படிப்பிக்க அவரால் முடியவில்லை. ஆசிரியர் பேசமுடியாவிட்டால் பிள்ளைகள் பேசட்டும் என்று விட்டார். பிள்ளைகளைக் கிராமத்துக்குள் அழைத்துச் சென்று, கண்டதை எழுதச் சொன்னார். 1924 அளவில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும்போது எழுத்துப் பிழையைத் தனியாகப் படிப்பிக்கவேண்டிய தேவை வெகுவாகக் குறைந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

1926இல் அவர் இன்னொன்று செய்தார். தெற்கு மலைக் கிராமத்திலிருந்த அவருடைய மாணவர்கள், வடமேற்கே கடலோரப் பிரித்தானிப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலை மாணவர்களோடு தங்கள் அச்சுத் தாள்களைத் தபாலில் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினார்கள். மலைப் பிள்ளைகளுக்குக் கடல் தெரியாது, கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலை தெரியாது. ஆகவே இரு தரப்பாருக்கும் எழுத விடயம் குறையவில்லை.

அதைப் பற்றி வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது மன்னார். காரணம் இருக்கிறது. எங்கள் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து வந்து இறங்கிய கரை மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தலைமன்னாரில் ஆரம்பித்த நடைபயணம் ஓகஸ்ட் மாதம் மாத்தளையில் முடிவுற்றதை நேயர்கள் அறிவீர்கள். அதைப் பார்க்கச் சென்று வந்த பிள்ளைகள், "அங்கேயிருந்து எவ்வளவு தூரம், சேர்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். மன்னார் மாவட்டக் கடற்கரைப் பாடசாலை ஒன்றில் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் படிப்பிக்கிறார். சுவரிலிருந்து கழற்றிய தாள்களை ஒரு பெரிய உறையில் போட்டு அவருக்கு அனுப்பினோம்.

இரண்டு வாரங்களில் பதில் வந்தது. அதில் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "பால் வெட்டுவது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலைக் கறப்பார்கள், எப்படி வெட்டுவார்கள்? அது மாட்டுப் பாலா?"

வகுப்பு சிரித்துக் குலுங்கியது. சிரித்து முடிந்ததும் பதில் எழுதவேண்டுமே என்ற யோசனை வந்தது. மழையைப் பற்றி எழுதிய அதே மாணவனிடம் அந்த வேலை போயிற்று. அவன் தாயாரோடு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மலைக்குப் போய்வந்தான். பால் வெட்டுவதைத் தினமும் அறிந்தவன்தான், ஆனால் அறியாத ஒருவருக்குச் சொல்லவேண்டும் என்று அதுவரை அவன் அதைப் பார்த்ததில்லை. கத்தியின் முனை வளைந்திருப்பது ஏன், பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவவேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது, வெட்டு ஏன் சாய்வாக இருக்கிறது, சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கும்போது தாயார் அடுத்த மரத்துக்குப் போய்விடுவது, பிறகு வாளியோடு திரும்பி வருவது, சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து கிடப்பதை மறுநாள் ஒட்டுப்பால் என்று உரித்தெடுப்பது, இவையெல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினான். உவமை ஒன்றுமில்லை. அணியலங்காரம் ஒன்றுமில்லை. கடைசி வரியில் மட்டும், "அம்மாவின் கையைக் கழுவினாலும் அந்த மணம் போகாது. மாட்டுப் பால் மணம் அல்ல" என்று எழுதியிருந்தான்.

அவன் எழுத்தாளனாக வருவானா என்று எனக்குத் தெரியாது. வரவேண்டுமென்ற அவசியமுமில்லை. ஆனால் தெரியாதவருக்குத் தெரியும்படி சொல்லவேண்டும் என்ற தேவை வந்தவுடன் அவனுடைய வசனங்கள் நீண்டன, ஒழுங்காயின, ஒன்றையொன்று தாங்கி நின்றன. மன்னாரிலிருந்து வந்தவற்றில் கருவாடு காயப்போடும் விதம் பற்றிய கடிதம் ஒன்று எங்கள் சுவரில் நெடுநாள் ஒட்டியிருந்தது. லயத்தில் வாரத்துக்கு மூன்று நாள் கருவாட்டுக் கறி தின்னும் பிள்ளைகள், அது எப்படிக் கருவாடாகிறது என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் மாத்தளை நகரிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தூரத்தில், தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டுவந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென்பது மரபு. யுத்தமும் பஞ்சமும் வந்து, மனனம் செய்தவர்கள் அழிந்துபோனால் எல்லாமே அழிந்துபோகும் என்ற அச்சமே பிக்குகளை எழுத வைத்தது. நான் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றபோது ஓர் ஓலையில் எழுத்தாணியால் எழுதி மை பூசிக் காட்டினார்கள். மை பூசும்வரை எழுத்துத் தெரியவில்லை. ஒரு பிள்ளை, "எங்கள் பாட்டி சொல்கிற கதைகளையும் இப்படி எழுதி வைக்கலாமா?" என்று கேட்டது. அடுத்த மாதச் சுவர் முழுவதும் பாட்டிமார்களே நிறைந்திருந்தார்கள். அந்தக் கதைகளில் சிலவற்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இதுவரை சொன்னவை இனிமையானவை. இனிமையில்லாத ஒன்றையும் சொல்லவேண்டும்.

வாசகர் வந்துவிட்டால் எழுத்துக்கு விளைவும் வந்துவிடும். ஃபிரெனேயின் பாடசாலையில் இது நடந்தது. அவர் பின்னர் மாறிச்சென்ற சென் போல் என்ற ஊரில் மாணவன் ஒருவன் தான் கண்ட கனவை எழுதினான். பாடசாலைக்குப் பொருட்கள் வாங்கித்தராத ஊர் மேயருக்கு எதிராக வகுப்பே திரண்டெழுந்ததாகவும், மேயரைத் தானே கொன்றுவிட்டதாகவும் கனவு. 1932ஆம் ஆண்டு இறுதியில் ஃபிரெனேயின் எதிரிகள் அந்த எழுத்தைச் சுவரொட்டியாக அடித்து ஊரெங்கும் ஒட்டினார்கள். பெரும் கலகம் மூண்டது. 1933இல் அவர் அந்தப் பாடசாலையை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் 1935இல் வான்ஸ் என்ற ஊரில் சொந்தமாகப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தார். பிள்ளையின் கனவும் பகிரங்கப்பட்டால் ஆயுதமாகும் என்பதற்கு இது சாட்சி.

எங்கள் லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிவது வேறு, எழுதி ஒட்டுவது வேறு. ஒரு மாணவி, பதினான்கு வயதிருக்கும், ஒரு நாள் பாடம் முடிந்த பின் நான்காக மடித்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மேலே "சேர் மட்டும் வாசிக்கவும்" என்று எழுதியிருந்தது. சம்பள நாள் இரவு அவர்கள் வீட்டில் நடப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். தவறணையிலிருந்து தகப்பனார் திரும்பும் சத்தம் தூரத்தில் கேட்டதும் தம்பியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கொழுந்து மடுவத்துக்குப் போய்விடுவதாகவும், அங்கே அவர்களுக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பதாகவும் எழுதியிருந்தாள்.

அதுபோன்ற தாள் கிடைத்தால் முதலில் செய்யவேண்டியது இலக்கியக் காரியமல்ல. அதற்குரியவர்களோடு பேசவேண்டும். அதைச் செய்தோம், அதன் விபரம் இந்த உரைக்கு வேண்டாம். தாள் என்னிடமே இருந்தது. எழுதியவரின் சம்மதமின்றி எதுவும் சுவரேறாது என்ற விதியை அன்றிலிருந்து எல்லோருக்கும் உரத்துச் சொல்லி வைத்தேன். தனியே தருவதற்கென்று பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்றும் வந்தது.

சில மாதங்கள் கழித்து அதே மாணவி வேறொரு தாளைக் கொண்டுவந்தாள். இம்முறை மடிக்கவில்லை. சுவருக்கென்று தந்தாள். அதில் 'நான்' இருக்கவில்லை, 'அவள்' இருந்தாள். தம்பியும் தங்கையும் இரட்டை ஆட்டுக்குட்டிகளாகியிருந்தார்கள். தகப்பனாருக்குப் பதில் மலைக்கு மேலிருந்து புலி ஒன்று இறங்கி வந்தது. மாதத்தில் ஒரு இரவு மட்டும் வரும் புலி. மற்ற நாட்களில் அது ஆட்டுக்குட்டிகளோடு விளையாடும், அவற்றுக்குப் பழம் கொண்டுவந்து கொடுக்கும். அதனால்தான் ஆட்டுக்குட்டிகளுக்கு அதை வெறுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள்.

நான் அதைச் சுவரில் ஒட்டும்போது என் கை நடுங்கியது. சிறுகதை என்ற வடிவம் ஏன் தோன்றியது என்பதற்குப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த விளக்கங்கள் பல. சொல்லியாகவேண்டியதை, சொன்னதாகத் தெரியாமல் சொல்லும் தேவை ஒரு பிள்ளைக்கு வந்தபோது அது தானாகவே கதையாயிற்று. ஓரத்தில் அன்று நிறையப் பதில்கள் இருந்தன. "எங்கள் மலையிலும் அந்தப் புலி இருக்கிறது" என்று எழுதியிருந்தவர்கள் ஒருவரல்ல, மூவர்.

இதையெல்லாம் பெரிய சாதனையாக நான் சொல்ல வரவில்லை. எழுதாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பரீட்சை நெருங்கும் தவணையில் சுவர் வெறுமையாகிவிடுகிறது. மழைக்காலத்தில் ஈரச் சுவரில் பசை நிற்பதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இந்தப் பிள்ளைகளை அனுப்பினால் வலய மட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே இன்னமும் பூந்தோட்டத்துக்குப் புள்ளி அதிகம். நடுவர்களாகப் போகும் நண்பர்களிடம் இதைப் பற்றி நான் சண்டையே பிடித்திருக்கிறேன்.

புனைபெயர் ஆசையும் வந்துவிட்டது. எங்கள் ஊர் எழுத்தாளர்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொண்டவர்களல்லவா? அதைக் கேள்விப்பட்டதும் வகுப்பில் பாதிப்பேர் 'மாத்தளை' இன்னாராகிவிட்டார்கள். ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள், இடம் போதாது என்று சொன்னேன். உடனே ஒருவன் தன் லயத்தின் இலக்கத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டான்.

மூத்த எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் ஊரிலும் பாடசாலை இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு வாருங்கள். உரையாற்ற வேண்டாம், பொன்னாடை இல்லை, மாலையும் இல்லை. பிள்ளைகள் எழுதியதை நின்று வாசித்துவிட்டு, ஓரத்தில் இரண்டு வரி எழுதி உங்கள் பெயரைப் போட்டுவிட்டுப் போங்கள். வரும்போது ஒரு பென்சிலையும் கொண்டுவந்தால் நல்லது.